தரைவீட்டு மழைநீர்: எங்கிருந்து வருகிறது, எங்கே போக வேண்டும்

பின்கட்டில் தண்ணீர் நின்றால் பலரும் முதலில் காண்ட்ராக்டரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் வெயில் நேரத்தில் வருவார், காய்ந்த தரையைப் பார்ப்பார், "முழுக்க சிமெண்ட் போட்டுடலாம் அக்கா" என்பார். தயவுசெய்து அதற்கு உடனே சரி சொல்லிவிடாதீர்கள். சிமெண்ட் போட்டால் மண்ணில் ஊறிக்கொண்டிருந்த தண்ணீரும் மேலே ஓடத் தொடங்கும். அது வீட்டுச் சுவருக்கோ பக்கத்து வீட்டுக்கோதான் போகும். நல்ல மழை ஒன்று வரும்போது குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். இடி இடித்தால் வாசலுக்குள்ளேயே நின்று பாருங்கள், மின்னலோடு விளையாட வேண்டாம்.

சிங்கப்பூரில் மழை இரண்டு விதம். பிற்பகலில் கொட்டி ஒரு மணி நேரத்தில் ஓய்வது ஒன்று. அதில் தரைக்கு மேலே ஓடும் தண்ணீரின் வழி தெரியும். இன்னொன்று டிசம்பர், ஜனவரியில் விடாமல் பெய்யும் பருவமழை. 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கி நிலையத்தில் 255.2 மில்லிமீட்டர் பதிவானது. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4தான். அப்படிப்பட்ட மழையில்தான் மண்ணுக்குள் நிறைந்த தண்ணீர் எங்கே வெளியே கசிகிறது என்பது தெரியும். இரண்டையும் பார்த்த பிறகு, பொதுவாகக் காய்ந்திருக்கும் பிப்ரவரியில் மண்வெட்டியை எடுங்கள்.

எங்கள் வீடு செலிட்டார் ஹில்ஸ் பக்கம், சரிவின் கீழ்ப்பாதியில் இருக்கிறது. கறிவேப்பிலைச் செடி அழுகிக்கொண்டே இருந்ததற்கு மேல்வீட்டுத் தண்ணீர்தான் காரணம் என்று குடும்பத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். மழையில் நின்று பார்த்தபோது, பெரும்பகுதி எங்கள் கூரையிலிருந்தே வந்தது. முன்பு இருந்தவர்கள் சமையலறையை நீட்டிக் கட்டியபோது, அந்தக் கூரையின் மழைநீர்க் குழாயைச் செடியின் காலடியில் மண்ணிலேயே விட்டிருந்தார்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். 20 சதுர மீட்டர் கூரையில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 1,000 லிட்டர். அவ்வளவும் ஒரே மூலையில் இறங்கினால் எந்த மண் தாங்கும்?

அதனால் கூரையிலிருந்து தொடங்குங்கள். குழாயை நீட்டி, வீட்டைச் சுற்றி ஓடும் லோங்காங்கில், அதாவது மழைநீர் வடிகாலில் விடுங்கள். அந்த லோங்காங்கில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் வாரி எடுங்கள். வாளித் தண்ணீரை மேல்முனையில் ஊற்றிவிட்டு, அது எங்கே தயங்கி நிற்கிறது என்று பாருங்கள். நிற்கிற இடத்தில் அடித்தளம் பள்ளமாகியிருக்கும், அதைச் சிமெண்ட் கலவையால் சமன் செய்யலாம். பல வீடுகளில் இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் கவனியுங்கள். பின்கட்டில் துணி துவைக்கும் இடத்தில் இருக்கும் ஓட்டை, மழைநீர் போகும் ஓட்டை அல்ல. அதற்குள் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும் வளைவு இருக்கும், நாற்றம் மேலே வராமல் இருக்க. அது கழிவுநீர்க் குழாய்க்குப் போகிறது. சிங்கப்பூரில் கழிவுநீரும் மழைநீரும் தனித்தனிப் பாதை. மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விட்டால் பெருமழையில் அது நிரம்பிக் கழிவுநீர் மேலே வரும், சட்டப்படியும் கூடாது. அதே மாதிரி சோப்புத் தண்ணீரை லோங்காங்கில் ஊற்றவும் கூடாது. நாட்டின் பெரும்பகுதியில் பெய்யும் மழை வடிகால் வழியாக நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது, அதையும்தான் நாம் குடிக்கிறோம்.

அடுத்தது சரிவு. சுவரை ஒட்டிய மண், சுவரிலிருந்து விலகிப் போகப் போகத் தாழ்ந்திருக்க வேண்டும், ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் நீர்மட்டம் ஒன்றாக நிற்கும். அங்கிருந்து தரை வரை அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். பூந்தொட்டி மண்ணைக் கொட்டிக் கொட்டிச் சுவரோரம் மேடாக்கி, அதற்கப்புறம் பள்ளம் விட்டிருப்பவர்கள் நிறைய. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடுங்கள்.

இதற்குப் பிறகும் ஈரம் நின்றால் மண்ணைச் சோதியுங்கள். 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுபடி நிரப்பிக் கடிகாரத்தைப் பாருங்கள். மணிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அது களிமண், அங்கே ஊறல்குழி வெட்டுவது வீண். தண்ணீரை வெளியே கொண்டுபோகத்தான் வேண்டும். சோதனை முடிந்ததும் அன்றைக்கே குழியை மூடிவிடுங்கள்.

வெளியே கொண்டுபோக, ஜல்லி நிரப்பிய கால்வாயில் துளைக்குழாய் புதைப்பது நல்ல வழி. இதில் எல்லோரும் மேல்முனையிலிருந்து வெட்டத் தொடங்குகிறார்கள். அளவைக் கீழ்முனையிலிருந்து எடுக்க வேண்டும். உங்கள் லோங்காங்கின் அடி, தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் அடி அதற்கு 8 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் லோங்காங்கில் கொஞ்சம் தண்ணீர் ஓடினாலே அது குழாய்க்குள் திரும்பி வரும். அப்படியென்றால் வெளியேறும் இடத்தில் குழாயின் ஆழம் 32. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு கணக்கில், 6 மீட்டர் தள்ளி 26. தரை மட்டமாக இருந்தால் இதுதான் கணக்கு. லோங்காங் ஆழமில்லை என்றால் இந்த முறையே சரிவராது, அப்போது மேலே திறந்த சிறு கால்வாய் அமைத்து அதன்மேல் சல்லடை மூடி போடுவதே மேல்.

குழாய்க்கும் கீழே 5 சென்டிமீட்டர் சேர்த்து, 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். உள்ளே ஜியோடெக்ஸ்டைல் துணியை (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்து, இரண்டு பக்கமும் மீதி தொங்க விடுங்கள். கழுவிய 20 மில்லிமீட்டர் ஜல்லியை அடியில் போட்டு, 100 மில்லிமீட்டர் துளைக்குழாயைத் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். தண்ணீர் அடியிலிருந்து மேலேறித்தான் குழாய்க்குள் நுழைகிறது. துளைகள் மேலே இருந்தால், அந்த உயரம் வரை ஜல்லி நிறையும்வரை குழாய் சும்மா கிடக்கும். மேலேயும் ஜல்லி போட்டு, துணியைப் போர்வை மாதிரி மடித்து மூடி, அதன்மேல் மணல், புல். பணம் மிச்சம் என்று துணியைத் தவிர்த்தால் களிமண் புகுந்து ஜல்லி அடைத்துப்போகும்.

கையால் மட்டும் வெட்டுங்கள். கேட்டிலிருந்து வீட்டுக்கு மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகலாம். எல்லைச் சுவரின் அஸ்திவாரத்துக்குக் கீழே போகாதீர்கள், அதை ஒட்டியும் வெட்டாதீர்கள். சாலையோர வடிகாலில் நீங்களாகத் துளை போடவும் கூடாது, அதற்குப் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

தாங்குசுவரில் சின்னச் சின்னத் துளைகள் இருந்து, அதிலிருந்து தண்ணீர் கசிந்தால் அடைக்கவே அடைக்காதீர்கள். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் சுவரைத் தள்ளாமல் இருப்பது அந்தத் துளைகளால்தான். அடியில் சிறு கால்வாய் வைத்து வாங்கிக்கொள்ளுங்கள். மேல்வீட்டுத் தண்ணீர் உண்மையிலேயே வருகிறது என்றால், மழை பெய்யும்போது எடுத்த வீடியோவோடு போய்ப் பேசுங்கள். "அங்கிள், உங்க குழாய் மூட்டு விட்டிருக்கு போல, கொஞ்சம் பார்க்கிறீங்களா" என்று நான் கேட்டபோது, அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

கொசுவை மறக்காதீர்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, பெரிய கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் போதும். தண்ணீரோடு வரும் மண்ணைப் பிடிக்கத் தொட்டி வைத்தால் அதன் அடி, வெளியேறும் குழாயைவிடத் தாழ்ந்திருக்கும், அங்கே தண்ணீர் தங்கும். அடியில் ஓட்டை போட்டு ஜல்லி நிரப்புங்கள், அல்லது வாரம் ஒரு முறை இறைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் சொல்வதில்லை. நம் ஊர் ஈரமண்ணில் மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் கிருமி வாழ்கிறது. தோலில் இருக்கும் கீறல் வழியாக உள்ளே போகும், பெருமழைக்குப் பிறகு ஆபத்து கூடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம், நம் வீடுகளில் அது யாருக்குத்தான் இல்லை? கையுறை, பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள். காயம் இருந்தால் நீர்புகாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். அடுத்த சில வாரங்களில் விடாத காய்ச்சல் வந்தால், மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.