‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று தொடங்கும் சண்டைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவ சபையில் மனஸ்தாபங்களைத் தீர்த்துவைக்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்றவர்களும் புதிதாக மணமானவர்களும், முன்பு நான் செய்த தவறுகளையே அதே நல்லெண்ணத்தோடு செய்வதைப் பார்க்கிறேன். கத்தக்கூடாது, பழையதைக் கிளறக்கூடாது என்பவை எல்லோருக்கும் தெரிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் ஆளிடம் முதலில் போவது

குற்றம் செய்தவனிடம் தனிமையில் பேசு, கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போ, அதன் பிறகே சபைக்குச் சொல் என்பது வேதாகமத்தில் மத்தேயு 18:15-17 வகுத்த வரிசை. இதை மனப்பாடமாகச் சொல்பவர்களே தலைகீழாக்குகிறார்கள். அதற்கு ‘ஜெபக் குறிப்பு’ (மற்றவர்கள் ஜெபிப்பதற்காகச் சொல்லும் விஷயம்) என்று பெயரும் சூட்டுவதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

பாடகர் குழுவில் இருந்த ஒரு சகோதரி, தான் தனியாகப் பாடவேண்டிய சரணத்தை ஓர் அக்கா வேறொருவருக்கு மாற்றிவிட்டாரென்று மனம் நொந்து, “அந்த அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது, ஜெபித்துக்கொள்ளுங்கள்” என்று தோழியிடம் சொன்னார். தோழி அதைக் கூட்டத்திலேயே ஜெபமாக ஏறெடுத்துவிட்டார். பெயர் சொல்லப்படவில்லை என்றாலும், கண்மூடியிருந்த அனைவருக்கும் ஆள் யாரென்று விளங்கிவிட்டது. உண்மையில், அந்தச் சகோதரிக்குத் தொண்டை கட்டியிருப்பதாக யாரோ சொன்னதைக் கேட்டு, சிரமப்படுத்த வேண்டாமென்றுதான் அக்கா சரணத்தை மாற்றியிருந்தார். நேரில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். பிற்பாடு இருவரும் ஒப்புரவாகிவிட்டார்கள். ஆனால் கேட்டவர்களின் மனத்தில் ‘பெருமைக்காரி’ என்பது அப்படியே தங்கிவிட்டது. அவர்களையெல்லாம் யார் தேடிப்போய்ச் சரிசெய்வது?

ஜெபம் தேவையென்றால், எதிராளியின் பெயரையும் குற்றத்தையும் விட்டுவிட்டு, “ஒருவரிடம் பேசப் போகிறேன், எனக்கு நிதானம் வேண்டும்” என்று மட்டும் கேளுங்கள். அடியும் மிரட்டலும் உள்ள இடத்துக்கு மட்டும் இந்த வரிசையைப் பொருத்தாதீர்கள். அங்கே தனியாகப் போகச் சொல்வது கொடுமை, முதலில் பாதுகாப்பும் உதவியும் தேவை.

வசனத்தை எதிராளிக்கு வாசிப்பது

மனைவியைக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22 கணவனுக்கும், கணவனை அன்புகூரச் சொல்லும் 5:25 மனைவிக்கும் மனப்பாடமாயிருக்கும் வீட்டில் சண்டை ஓயாது.

இரவுக்குள் தீர்த்தே ஆகவேண்டும் என்பது

எபேசியர் 4:26 சூரியன் மறையுமுன் தணியச் சொல்வது எரிச்சலை. வழக்கு முழுவதையும் நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு பேசி முடிக்கச் சொல்லவில்லை. மறுநாள் பேச ஒரு நேரம் குறித்துவிட்டு உறங்குங்கள்.

ஊழியத்தில் விலகி நிற்பதைத் தோல்வியாக எண்ணுவது

முந்தைய ஊழியப் பயணத்தில் பாதியில் விட்டுப்போன மாற்குவை மறுபடியும் அழைத்துச் செல்வது பற்றிய கடுங்கோபத்தில், உடன் ஊழியர்களான பவுலும் பர்னபாவும் பிரிந்தார்கள் (அப்போஸ்தலர் 15). அதே மாற்குவைத்தான் ஊழியத்தில் பிரயோஜனமுள்ளவன் என்று 2 தீமோத்தேயு 4:11-இல் பவுல் அழைத்துவரச் சொல்கிறார். ஒரே பணியில் இருவர் ஓயாமல் முட்டிக்கொண்டால், உபதேசம் செய்துகொண்டிராமல் பொறுப்புகளைப் பிரித்துக் கொடுங்கள்; எதை எடுப்பது என்ற முதல் உரிமையை, மேய்ப்பர்களின் சண்டையால் பிரிந்தபோது எந்த நிலம் வேண்டுமென்று தேர்ந்தெடுப்பதை ஆபிராம் தன் சகோதரன் மகன் லோத்துக்கு விட்டதுபோல, மூத்தவர் இளையவருக்கு விடட்டும்.