சிஎஃப் உள்ள பிள்ளையோடு மலைக்குப் போகிறீர்களா? ராத்திரிக் கணக்கை முதலில் பாருங்கள்

கத்திரி தொடங்கிவிட்டால் வேலூரில் எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சுதான். வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறது, நாலு நாள் ஏலகிரியிலோ ஊட்டியிலோ இருந்துவிட்டு வரலாம் என்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (சுருக்கமாக சிஎஃப், நுரையீரலிலும் குடலிலும் சளி கெட்டியாகி அடைக்கிற பிறவி நோய்) இருக்கிற வீட்டில் இந்த ஆசை இன்னும் அதிகம். நம் பிள்ளைகளுக்கு வியர்வையோடு போகிற உப்பு மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு, கோடை முழுக்க அவர்கள் துவண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு எந்த அம்மாவாலும் சும்மா இருக்க முடியாது. ஆனால் மேலே போனால் அங்கே வேறு பிரச்சினை, ஆக்சிஜன் குறைவு, குளிர்காற்று பட்டால் சளி இறுகும்.

அதனால் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். நுரையீரல் ஓரளவு நன்றாக இருக்கிற பெரும்பாலானவர்கள் நம் பக்கத்து மலைகளுக்குப் போய் வரலாம். சிஎஃப் உள்ள மகனை வளர்க்கிறவளாக நான் சொல்ல வருவது ஒன்றுதான்: எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதைவிட எந்த உயரத்தில் ராத்திரி தூங்குகிறோம் என்பதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

உயரம் என்ன செய்கிறது

காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கே போனாலும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜனும் குறைகிறது. வேலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 215 மீட்டர். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், அங்கே அழுத்தம் கடற்கரையைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. ஊட்டி 2,240 மீட்டர், கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். லே 3,500 மீட்டர், அங்கே மூன்றில் ஒரு பங்கு போய்விடும். விமானத்துக்குள்ளும் இதே கதைதான், அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிற மாதிரி அழுத்தத்தை வைத்திருப்பார்கள். ஊட்டியில் இருப்பதும் விமானத்தில் உட்கார்ந்திருப்பதும் நுரையீரலுக்குக் கிட்டத்தட்ட ஒன்று, விமானத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுவோம், ஊட்டியில் படுத்துத் தூங்குவோம் என்பதுதான் வித்தியாசம்.

சிஎஃப் நுரையீரலில் சில காற்றுக் குழாய்கள் சளியால் அடைபட்டே இருக்கும், அந்தப் பகுதி வழியாகப் போகிற ரத்தம் போதுமான ஆக்சிஜன் இல்லாமலே திரும்பி வரும். ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு 97, 98 சதவீதம் இருக்கிறவருக்கு உயரம் கொஞ்சம் குறைத்தாலும் பெரிதாகத் தெரியாது. 92, 93இல் இருக்கிறவருக்கு அதே உயரம் தடாலென்று கீழே தள்ளிவிடும், ஏனென்றால் 90க்குக் கீழே போனதும் அந்த அளவு செங்குத்தாகச் சரியும். கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி நிற்கிறவர் ஓரடி நகர்ந்தால் ஒன்றுமில்லை, விளிம்பில் நிற்கிறவர் நகரக் கூடாது. நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பது ஆளைப் பார்த்தால் தெரியாது, விரலில் மாட்டுகிற பல்ஸ் ஆக்சிமீட்டரில் அளந்தால்தான் தெரியும். "பையன் நல்லாதானே விளையாடுறான், எதுக்கும்மா விரலில் அதை மாட்டிக்கிட்டே இருக்கே" என்று கூட வருகிற அத்தை கேட்பார், பாசத்தில்தான் கேட்பார், நீங்கள் பாட்டுக்கு மாட்டுங்கள்.

கிளம்பும் முன்

மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் போய் ஊதுகிற டெஸ்ட், அதாவது ஸ்பைரோமெட்ரி, எடுத்துவிடுங்கள். அதில் எஃப்.இ.வி.1 என்ற எண் முக்கியம், முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்றை ஊதி வெளியே தள்ளுகிறார் என்பதை அது சொல்லும். அது 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஊட்டி, கொடைக்கானல், விமானம் எதுவாக இருந்தாலும் ஹைப்பாக்சியா சேலஞ்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுமார் இருபது நிமிடம் சுவாசிக்க வைத்து, உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பார்கள். பெரிய ஆஸ்பத்திரிகளின் நுரையீரல் பிரிவில் கேட்டால் எங்கே செய்கிறார்கள் என்று சொல்வார்கள்.

சிலர் இந்தப் பயணத்தை இப்போதைக்கு விட்டுவிட வேண்டும், இதில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். சமீபத்தில் நியூமோதொராக்ஸ் வந்தவர்கள் (நுரையீரலைச் சுற்றி மாட்டிக்கொண்ட காற்று உயரத்தில் விரியும்), சளியில் ரத்தம் வந்துகொண்டிருப்பவர்கள், தொற்று ஏறி ஊசி மருந்து ஓடிக்கொண்டிருப்பவர்கள், நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் இருப்பதாக எக்கோவில் (இதய ஸ்கேனில்) சொல்லப்பட்டவர்கள். வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பவர்கள் டாக்டர் சொன்னாலொழிய வேண்டாம். ரூமுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.

இப்போது ராத்திரிக் கணக்கு. தூக்கத்தில் எல்லாருக்கும் மூச்சு மேலோட்டமாகிறது, இருமல் அடங்குகிறது. சிஎஃப் உள்ளவர்களுக்கு அந்த நேரத்தில்தான் சளி தேங்கி அடைக்கிறது. உயரமும் சேர்ந்தால் பகலில் 95 காட்டிய விரல் விடியற்காலையில் 87 காட்டலாம், தூங்குகிறவருக்கு அது தெரியாது, காலையில் தலைவலியும் எரிச்சலுமாக எழுந்திருப்பார், "புது இடம், தூக்கம் சரியில்லை" என்று நாமும் விட்டுவிடுவோம். அதனால் கிளம்புவதற்கு முன்பே வீட்டில், வேலூரிலேயே, இரண்டு மூன்று ராத்திரி அளந்து வையுங்கள். பிள்ளை நன்றாகத் தூங்கின பிறகு, இரண்டு மணிக்கு மேல் விடிவதற்குள், பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி ஐந்து நிமிடமாவது பாருங்கள். பளிச்சென்று வந்து போகிற எண்ணை விட்டுவிட்டு நிலையாக நிற்கிற எண்ணை எழுதுங்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிடுங்கள், குளிரில் விரல் சில்லென்று இருந்தால் மெஷின் தப்பாகக் காட்டும், கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். இந்த எண்களை டாக்டரிடம் காட்டி, "மேலே போனால் எந்த எண்ணுக்குக் கீழே போனால் நாங்கள் இறங்கிவிட வேண்டும்" என்று நேராகக் கேட்டு அந்தப் பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஓர் எண் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

முதலில் ஏலகிரி

நம் பக்கத்துக்காரர்களுக்கு இருக்கிற வசதி, ஒத்திகை பார்க்கக் கைக்கெட்டும் தூரத்தில் மலை இருப்பது. காவலூர் வானோக்கு நிலையம் இருக்கிற ஜவ்வாது மலைப் பக்கம் 725 மீட்டர்தான், அங்கே உயரம் பெரிய விஷயமே இல்லை. அடுத்து ஏலகிரி, பதினான்கு கொண்டை ஊசி வளைவு ஏறி ஓர் இரவு தங்குங்கள். அங்கே ராத்திரி எண் வீட்டு எண்ணோடு ஒட்டியே இருந்தால் ஊட்டியைப் பற்றி டாக்டரிடம் தைரியமாகப் பேசலாம். ஏலகிரியிலேயே எண் இறங்கினால் ஊட்டி பேச்சை எடுக்காதீர்கள், ஏலகிரியே போதும், ஏரியும் காற்றும் அங்கேயும் இருக்கிறது.

சோளிங்கர் மலையும் திருப்பதியும் வேறு வகை. உயரம் அங்கே ஒன்றும் செய்யாது, படிகள்தான் செய்யும். சோளிங்கரில் 1,300 படிக்கு மேல், அலிபிரி வழியில் 3,500க்கும் மேல். வேண்டுதல் இருந்தால் சோளிங்கருக்கு ரோப் கார் இருக்கிறது, திருமலைக்குப் பஸ் போகிறது. படி ஏறித்தான் ஆவேன் என்று பெரிய பிள்ளைகள் அடம் பிடித்தால், அதிகாலையில், உப்புக் கரைசல் கையில் இருக்க, நின்று நின்று, நிற்கும்போதெல்லாம் விரலில் பார்த்தபடி ஏறட்டும்.

ஊட்டிக்கு

காட்பாடியில் நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து மலை ரயில் ஆசை எல்லாருக்கும் உண்டு, ஆனால் குன்னூர் வரை நீராவி எஞ்சின்தான் தள்ளுகிறது, குகைக்குள் போகும்போது புகை பெட்டிக்குள் வரும். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டாம். குன்னூரிலிருந்து ஊட்டி வரை டீசல் எஞ்சின், அந்தப் பகுதியை மட்டும் காட்டிக்கொடுங்கள். குன்னூர் ஊட்டியைவிடச் சுமார் 400 மீட்டர் தாழ்வு, முதல் ராத்திரியை அங்கே வைப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு. நன்றாக இருந்தால் மொத்தப் பயணத்துக்கும் குன்னூரிலேயே தங்கி, பகலில் ஊட்டியும் தொட்டபெட்டாவும் பார்த்துவிட்டுத் தூங்க இறங்கி வரலாம். தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனால் அங்கே நாம் தூங்கப் போவதில்லை.

ரூம் எடுக்கும்போது போனிலேயே கேளுங்கள்: சுவரில் ஈரக் கசிவு இருக்கிறதா, கரண்ட் போனால் ரூம் பிளக்குக்கு ஜெனரேட்டர் வருமா, பக்கத்தில் கேம்ப் ஃபயர் போடுவார்களா. மலையில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த ரூம்களில் பூஞ்சை வாடை அடிக்கும், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையால் தொந்தரவு உள்ளவர்கள் உள்ளே நுழைந்ததும் மூக்கு சொல்வதைக் கேட்டு ரூமை மாற்றிவிடுங்கள், சங்கடப்படாதீர்கள். பேட்டரியில் ஓடுகிற சின்ன மெஷ் நெபுலைசர் (மருந்தைப் புகைமாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கருவி) இருந்தால் கரண்ட் கவலை போகும்.

நெபுலைசரும் பிசியோவும் (சளியை வெளியே எடுக்கிற பயிற்சி) விடுமுறையில் குறையக் கூடாது, மேலே போனால் கூடத்தான் வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து முதலில், அப்புறம் உப்பு நெபுலைசேஷன், அப்புறம் சளி எடுப்பது, ஆன்டிபயாட்டிக் நெபுலைசேஷன் கடைசியில், வழக்கமான வரிசைதான். படுக்கப் போகும் முன் செய்கிற பிசியோவை மட்டும் எக்காரணத்துக்கும் தள்ளிப்போடாதீர்கள், அந்த ராத்திரியைத் தீர்மானிப்பது அதுதான். இன்னொன்று, ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் நெபுலைசர் பாகங்களை வீட்டில் ஐந்து நிமிடம் கொதிக்க வைப்பீர்கள் என்றால் அங்கே பத்து நிமிடம் வையுங்கள். சளியை இளக்குகிற டோர்னேஸ் மருந்து ஐஸ் பெட்டியில் இருக்கட்டும், ஆனால் ஐஸ் மேல் நேராகப் படக் கூடாது.

உப்பை எல்லாரும் மறக்கிற இடம் மலை. வியர்க்கவில்லை என்று தண்ணீரையும் ஓஆர்எஸ்ஸையும் விட்டுவிடுவார்கள். குளிரில் தாகம் தெரியாது, வேகமாக மூச்சு விடுவதில் நீர் போய்க்கொண்டே இருக்கும், உடம்பில் நீர் குறைந்தால் சளியும் குடலும் சேர்ந்து இறுகும். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஊறுகாய், எது இறங்குகிறதோ அது. ஏலகிரிக்குக் காரில் போகிறவர்கள் ஆம்பூரைத் தாண்டும் வழியில்தான் அதிகம் வியர்க்கிறது, அங்கே பிரியாணிக்கு நிறுத்தினால் கொழுப்புக்குத் தக்கபடி செரிமானத்துக்கான என்சைம் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த மாத்திரைப் பாட்டிலை வெயிலில் நிற்கிற காரில் விட்டுப் போகாதீர்கள், சூட்டில் வீரியம் போய்விடும். உயரத்தில் வயிற்றில் வாயு விரிந்து உப்புசம் வரும், ராத்திரிச் சாப்பாடு குறைவாக, சீக்கிரமாக இருந்தால் மூச்சுக்கும் நல்லது.

ஆஸ்பத்திரியில் பழகிய இன்னொரு சிஎஃப் குடும்பத்தோடு ஒரே வேனில் போகலாம் என்று தோன்றும். வேண்டாம். சூடோமோனாஸ், பர்கோல்டேரியா போன்ற கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும், மூடிய வண்டியும் ஒரே ரூமும் அதற்கு வசதி. போனில் பேசிக்கொள்ளட்டும்.

லே, கேதார்நாத்

கம்மவான்பேட்டை பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கிறார்கள், லேயில் இருக்கிற மாமாவோ அண்ணனோ "நான் இருக்கும்போதே வந்து பார்த்துட்டுப் போங்க" என்று அன்பாகக் கூப்பிடுவார். கேதார்நாத் யாத்திரை ஆசையும் பெரியவர்களுக்கு உண்டு. இரண்டுமே 3,500 மீட்டர் அளவில் இருப்பவை, ஆரோக்கியமானவர்களே தலைவலி, வாந்தி என்று படுக்கிற உயரம். விமானத்தில் லேயில் இறங்கினால் உடம்பு பழக அவகாசமே இல்லை. மலை நோய்க்கு டயமாக்ஸ் போட்டுக்கொள் என்று கூட வருகிறவர்கள் ஸ்ட்ரிப்பை நீட்டுவார்கள், அது சிறுநீரைக் கூட்டி நீரையும் உப்பையும் வெளியேற்றுகிற மருந்து, நமக்கு ஏற்கெனவே அதில்தான் பற்றாக்குறை. டாக்டர் எழுதிக் கொடுத்தாலன்றித் தொடாதீர்கள். கற்பூரத்தை முகர்ந்தால் ஆக்சிஜன் ஏறாது. கடையில் விற்கிற சின்ன ஆக்சிஜன் டப்பா சில நிமிடம் வரும், ராத்திரிக்கு உதவாது. நுரையீரல் நன்றாக இருந்து, டெஸ்ட் எடுத்து, டாக்டரும் சரி என்று சொன்ன பெரியவர்கள் போகலாம், குழந்தைகளை நான் அழைத்துப் போக மாட்டேன்.

எப்போது இறங்குவது

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், உதடு நீலம் பூத்தால், சளியில் ரத்தம் வந்தால், நெஞ்சின் ஒரு பக்கம் திடீரென்று குத்தினால், தலைவலியோடு வாந்தியோ குழப்பமான பேச்சோ வந்தால், அல்லது டாக்டர் கொடுத்த எண்ணுக்குக் கீழே நிலையாக நின்றால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள், ஊட்டியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, ஆக்சிஜன் வைத்துக்கொண்டு கீழே இறக்குவது அங்கிருந்து நடக்கும். தங்குகிற இடத்திலிருந்து அந்த மருத்துவமனை எவ்வளவு தூரம், ராத்திரி வண்டி ஓட்ட யார் இருக்கிறார்கள் என்று போன அன்று மாலையே கேட்டு வையுங்கள். நோய் விவரம், மருந்துப் பட்டியல், கடைசி சளிக் கல்ச்சர் (சளியில் என்ன கிருமி என்று பார்க்கிற டெஸ்ட்) ரிப்போர்ட் மூன்றையும் போனில் படமாகவும் காகிதமாகவும் எடுத்துப் போங்கள், சிஎஃப் பார்த்தே இராத டாக்டர் பணியில் இருக்கக்கூடும்.

ஊர் திரும்பிய பிறகும் இரண்டு வாரம் கண்ணில் வைத்திருங்கள். சளியின் நிறம், அளவு, பசி, எடை, இருமலால் ராத்திரி எழுந்திருப்பது, இவற்றில் ஏதாவது மாறினால் அடுத்த செக்கப் தேதி வரை பொறுக்காமல் கல்ச்சருக்குக் கொடுத்துவிடுங்கள், மேலே எடுத்த ராத்திரி எண்களையும் அந்த ஃபைலிலேயே சேர்த்துக் கொண்டுபோங்கள்.