வெளுத்துப்போன சிவப்பு மியாட்டா: பெயிண்டைத் தேய்ப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் வாங்கிய மூன்றாம் நாள், பானட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு பாலிஷ் விட்டு வெள்ளைத் துணியால் தேய்த்தேன். துணி குங்குமம் துடைத்தது மாதிரி சிவந்துவிட்டது. பெயிண்டே கையோடு வந்துவிட்டதோ என்று பயந்து அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அது 1991 மாடல் மாஸ்டா மியாட்டா. சிவப்பு என்று சொல்லித்தான் விற்றார்கள். நியூ ஜெர்சி வெயிலில் வருஷக்கணக்காக நின்று, மொட்டை மாடியில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் குடத்தின் நிறத்துக்கு வந்திருந்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான கார் இது. முதல் தலைமுறை 1997 வரை வந்தது. இரண்டு சீட், மடக்கும் கூரை, பட்டனை அழுத்தினால் எழுந்து பார்க்கும் ஹெட்லைட். எல்லாமே இப்போது கால் நூற்றாண்டைத் தாண்டிய வண்டிகள். இந்த வயதில் பெயிண்ட் என்பது வங்கியில் வட்டியில்லாமல் கிடக்கும் பணம். எடுக்க எடுக்கக் குறையும், திரும்பப் போட முடியாது. நான் செய்த தவறுகள் எல்லாம் இதை மறந்ததால் வந்தவைதான்.

என்ன பெயிண்ட் என்று பார்க்காமல் தொடங்குவது

இப்போதைய கார்களில் நிறம் கீழே, அதற்கு மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். அந்தக் காலத்தில் மெட்டாலிக் கலக்காத சிவப்பு, வெள்ளை போன்ற நிறங்களைப் பல கம்பெனிகள் ஒரே அடுக்காகவே அடித்தன. நிறமும் பளபளப்பும் ஒன்றுக்குள் ஒன்று. வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் உள்ள பிசினைச் சிதைக்கும்போது, பிடிப்பு இழந்த நிறத்துகள் தூளாக மேலே நிற்கும். அதில் வெளிச்சம் சிதறுவதால் வெளுத்துத் தெரிகிறது. சிவப்புக்கு இதில் கூடுதல் கஷ்டம். நீலம், பச்சை என்று ஆற்றல் அதிகமான வெளிச்சத்தை விழுங்கித்தான் அது சிவப்பாகத் தெரிகிறது, அதனால் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

ஆக, துணி சிவந்தது நல்ல செய்தி. செத்த தோல் உரிகிறது, அடியில் உயிருள்ள சிவப்பு இருக்கிறது என்று அர்த்தம். துணியில் நிறம் வராமல் அழுக்கு மட்டும் வந்தால் அது கிளியர் கோட்.

இந்தச் சோதனையை ஒரே இடத்தில் செய்துவிட்டு முழு காருக்கும் முடிவு கட்டாதீர்கள். என் காரில் பானட், கதவுகள், டிக்கி எல்லாம் துணியைச் சிவக்க வைத்தன. முன் பம்பரும், இடது பக்கம் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடான ஃபெண்டரும் வைக்கவில்லை. முன்னால் வைத்திருந்தவர் எங்கேயோ இடித்துவிட்டு, அவற்றை மட்டும் புது முறையில் அடித்திருக்கிறார். ஒரே காரில் இரண்டு வகை பெயிண்ட், இரண்டு வகை வைத்தியம்.

கிளியர் கோட் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடித்து, ஓரம் உரிந்து, தேசப்படம் மாதிரி பரவியிருந்தால் எந்தப் பாலிஷும் வேலைக்கு ஆகாது. இல்லாத அடுக்கைத் தேய்த்து வரவழைக்க முடியாது. அந்தப் பகுதியைப் புதிதாக அடிப்பதுதான் வழி.

காந்தம் ஒட்டவில்லை என்று கலங்குவது

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் பட்டி பார்த்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்கக் காந்தம் கொண்டுபோவார்கள். மியாட்டா பானட்டில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. கனமாகப் பட்டி வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்துப் பேரத்தை முறித்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அந்த பானட் அலுமினியம்!

பெயிண்டின் கனத்தை அளக்கும் மீட்டர் வாங்கும்போதும் இதே கதைதான். இரும்பை மட்டும் அளக்கும் மலிவான மீட்டர் இந்த பானட்டில் கையை விரிக்கும். அலுமினியத்தையும் அளக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பம்பர் பிளாஸ்டிக், அங்கே இந்த மீட்டர்கள் எதுவும் பேசாது.

பொதுவாக ஃபேக்டரி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான். அதாவது ஏறக்குறைய இரண்டு முடி கனத்துக்குள் அடிப்பூச்சான பிரைமர், நிறம், பளபளப்பு எல்லாம் அடக்கம். 200ஐத் தாண்டினால் மறுபடி அடித்திருக்கலாம். பல நூறு காட்டினால் அடியில் பட்டி இருக்கிறது. 80க்குக் கீழே காட்டும் இடத்தில் நான் பாலிஷ் மெஷினையே வைப்பதில்லை.

வலுவானதிலிருந்து தொடங்குவது

இதுதான் பெரிய தவறு. இதை நான் செய்தேன்.

துணி சிவந்ததன் காரணம் புரிந்ததும் தைரியம் வந்துவிட்டது. ஒரே அச்சில் சுழலும் பழைய ரோட்டரி பாலிஷ் மெஷின் ஒன்றை இரவல் வாங்கி, கம்பளி பேடு மாட்டி, கடையில் இருந்ததிலேயே முரட்டுக் காம்பவுண்டை, அதாவது அரைக்கும் பசையைத் தடவிப் பானட்டில் இறக்கினேன். பத்து நிமிஷத்தில் ரத்தச் சிவப்பு. போதை மாதிரி இருந்தது. அதே வேகத்தில் ஹெட்லைட் மூடிக்குப் போனேன். அதன் ஓரத்தில் மெஷின் நின்றது மூன்று விநாடிகூட இருக்காது. எடுத்துப் பார்த்தால் விளிம்பு நெடுக, நூல் பிடித்துக் கோடு போட்டது மாதிரி, சாம்பல் நிறம். பிரைமர்.

பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே விளிம்பிலிருந்து விலகி ஓடும், அதனால் அங்கே எப்போதும் மெல்லிசு. மெஷினின் மொத்த அழுத்தமும் அந்த ஒரு கோட்டில்தான் விழும். ஹெட்லைட் மூடி, பானட் ஓரம், கதவு விளிம்பு, ஃபெண்டரின் மடிப்பு, எல்லாவற்றிலும் இதே ஆபத்து. பத்து ரூபாய் பெறாத மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுத் தொடங்கியிருந்தால் தப்பித்திருக்கும். ரோட்டரிக்குப் பதில் சுழன்றுகொண்டே ஆடவும் செய்யும் டிஏ மெஷினை எடுத்திருக்கலாம், அது ஓர் இடத்தில் இத்தனை சூடு ஏற்றாது.

கோயம்புத்தூரில் ரொம்ப வருஷம் டிங்கரிங் பட்டறை வைத்திருந்த பெரியப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏன்டா, சாயம் விடற சீலைய யாராச்சும் கல்லுல அடிச்சுத் துவைப்பாங்களா?" என்றார். அப்புறம் அவர் சொன்ன வரிசையைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன். முதலில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தை டேப் ஒட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருப்பதிலேயே மென்மையான பாலிஷ், மென்மையான பேடு. போதாவிட்டால் மட்டும் ஒரு படி மேலே. அந்த இடத்தில் திருப்தி வந்த பிறகுதான் மற்ற இடம்.

ஒரே அடுக்குப் பெயிண்டுக்கு அதற்கும் முந்திய படி ஒன்று உண்டு. எண்ணெய்ப் பசை நிறைந்த, அரைக்கும் துகள் இல்லாத கிளேஸ் வகைப் பாலிஷ் கிடைக்கிறது. மெகுயார்ஸ் நம்பர் 7 இதற்கென்றே பெயர் வாங்கியது. அதைத் தாராளமாக விட்டு, டர்க்கித் துண்டால் கையாலேயே தேய்த்து, மேலே இன்னொரு பூச்சு கனமாகப் பூசி ஓர் இரவு ஊறவிட வேண்டும். காய்ந்துபோன பெயிண்ட் அதைக் குடிக்கும். மறுநாள் துடைத்துப் பார்த்தால் பாதி நிறம் திரும்பியிருக்கும், பெயிண்டும் அதிகம் குறைந்திருக்காது. தோள்பட்டை வலிக்கும், அது வேறு விஷயம். கதவுகளை இப்படித்தான் மீட்டேன், பானட்டைவிட அவைதான் இன்று அழகு.

நகத்தில் தட்டுப்படும் கீறலை முழுசாக எடுத்தே தீருவேன் என்று இறங்காதீர்கள். அதன் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பெயிண்டை எல்லாம் இறக்கினால்தான் அது மறையும். வாட்டர் பேப்பர் போட்டு ஆரஞ்சுத் தோல் மாதிரியான சொரசொரப்பைச் சமன் செய்கிறேன் என்பதும் இந்த வகைதான். புதிதாக அடித்த காருக்கு அது சரி, 1991 பெயிண்டுக்கு வேண்டாம். முப்பது வயதுக் காரில் நாலு கீறல் இருந்தால் என்ன?

கழுவாமல் தேய்ப்பது, தப்பாகக் கழுவுவது

கழுவிய பிறகும் பெயிண்டில் ஒட்டியிருக்கும் துகள்கள் உண்டு. கையைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுத் தடவிப் பாருங்கள், ரவை மாதிரி நெருடும். அதை கிளே பார் என்ற களிமண் மாதிரியான கட்டியால் எடுக்காமல் பாலிஷ் போட்டால் அந்த ரவையைத்தான் பெயிண்டில் தேய்க்கிறீர்கள். கிளே தரையில் விழுந்துவிட்டால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

இங்கே ஏப்ரல், மே மாதங்களில் மகரந்தம் மஞ்சள் பொடியாகக் காரை மூடும். கையில் கிடைத்த துணியால் வறட்டுத் துடைப்பு துடைத்தால், வெயிலில் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கீறல் தெரியும். முதலில் தண்ணீரைப் பீய்ச்சி இறக்க வேண்டும். அப்புறம் இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டிருக்கும் மெழுகை எல்லாம் எடுத்துவிடும், அன்றாடக் கழுவலுக்கு வேண்டாம். பறவை எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈர டிஷ்யூவைப் பத்து நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்தால் தானாக வரும்.

கதவுக்குக் கீழே கொப்புளம் கண்டு மெழுகு பூசுவது

மியாட்டாவின் பின் சக்கரத்துக்கு முன்னால், கதவுக்கு அடியில் ஓடும் பகுதியில் பெயிண்ட் கொப்புளித்தால், மேலே எதைப் பூசினாலும் வீண். துரு உள்ளிருந்து வருகிறது. கூரையின் அடியில் சேரும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இலைச் சருகும் மண்ணும் அடைத்தால் தண்ணீர் வழி தவறித் தகட்டுக்குள் தேங்கும். ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள், பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் வளையும் மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடலாம். கூரான கம்பி உள்ளே இருக்கும் குழாயைக் கிழித்துவிடும். குளிர்காலத்தில் ரோட்டில் போடும் உப்பு அடியிலிருந்து வேறு தின்னும். அந்த மாதங்களில் என் கார் கராஜைவிட்டு நகராது.

பாதுகாப்பு என்ற பெயரில்

மெழுகு நிறத்தைத் திரும்பக் கொண்டுவராது. வெளுத்த பெயிண்டின் மேல் மெழுகு பூசினால் ஒரு வாரம் ஏமாற்றும், அவ்வளவுதான். மீட்டெடுத்த பிறகு பூசினால் அதற்கு வேலை இருக்கிறது. கார்னோபா மெழுகு பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் ஓலையில் படிவது, நம் பனைமரத்துக்குத் தூரத்துச் சொந்தம். சில வாரங்கள் தாங்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள். இரண்டும் சரிதான்.

பெயிண்டின் மேல் கடினமான படலமாகப் பிடிக்கும் செராமிக் கோட்டிங்கை விற்பவர்கள் 9ஹெச் கடினம் என்பார்கள். அது பென்சில் முனையால் கீறிப் பார்க்கும் அளவுகோல், ரோட்டில் தெறிக்கும் கல்லுக்கு அது தெரியாது. அந்தக் கோட்டிங் பிடிக்க வேண்டுமானால் பெயிண்டில் எண்ணெய்ப் பசையே இருக்கக் கூடாது. ஓர் இரவு முழுக்க ஊட்டிய எண்ணெயை நீங்களே துடைத்தெடுக்க வேண்டும். கிளியர் கோட் காருக்குப் போடுங்கள். ஒரே அடுக்குச் சிவப்புக்கு நான் போட மாட்டேன்.

தூசியோடு நிற்கும் காருக்கு வெளியில் கவர் போட்டால், காற்றில் அது உப்புத்தாள் வேலை பார்க்கும். புதிதாக அடித்த பகுதிக்கு உடனே மெழுகு பூசாதீர்கள். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். பெயிண்டைப் பொறுத்து 30 நாள் முதல் 90 நாள் வரை பொறுக்கச் சொல்வார்கள்.

சின்னச் சேதத்தைத் தொட்டு மறைக்கும் டச்-அப் பெயிண்ட் கலக்குவதானால் பாலிஷ் வேலை எல்லாம் முடிந்த பிறகு கலக்குங்கள். வெளுத்த நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்துவிட்டு அப்புறம் காரைச் சிவக்க வைத்தால் அந்தச் சீசா வீண். என் அலமாரியில் அப்படி ரோஸ் நிறத்தில் ஒன்று கிடக்கிறது. ஹெட்லைட் மூடியின் சாம்பல் கோட்டுக்கு இரண்டாவது சீசா வாங்கி, பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தொட்டு வைத்தேன். பகலில் தேடினால்தான் தெரியும். சாயங்காலம் லைட் போடும்போது மூடி மெதுவாக எழுந்து, அந்த விளிம்பை எனக்கு நேராகக் காட்டும்.