மீனையும் கடலடியையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் கடலடி மங்கலாகத் தெரிகிறதா?

உடனே புது டிரான்ஸ்டூசர் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி எதிரொலியை வாங்கும் பாகம்) வாங்க ஓடாதீர்கள். முதலில் படகை நிறுத்திப் பாருங்கள். நின்றால் தெளிவாகவும், வேகமெடுத்தால் விட்டுவிட்டும் தெரிந்தால் காற்றுக் குமிழிதான் காரணம். டிரான்ஸ்டூசரைக் கொஞ்சம் கீழே இறக்கி, புரொப்பெல்லர் கலக்கும் தண்ணீரிலிருந்து தள்ளி மாட்டுங்கள்.

நின்றாலும் மங்கலா? சரி, படகைக் கரையேற்றி, டிரான்ஸ்டூசரின் முகத்தை, அதாவது ஒலி வெளிவரும் பரப்பை, தடவிப் பாருங்கள். பாசி, சிப்பி ஒட்டியிருக்கும். பாசிக்குச் சோப்புத் தண்ணீரும் துணியும் போதும். கத்தியால் சுரண்டினால் முகமே பாழ். என் படகில் முகம் பளிச்சென்று இருந்தும் படம் வரவில்லை. பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு!

அப்புறம், ஆழ்கடலில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி அடிவரை போய்த் திரும்பத் திணறும். உங்கள் டிரான்ஸ்டூசரில் 50 கிலோஹெர்ட்ஸும் இருந்தால் அதற்கு மாற்றிப் பாருங்கள்.