டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமராவை அசைக்காமல், லென்ஸை மட்டும் மேலும் கீழும் நகர்த்தவும் (ஷிஃப்ட்), சாய்க்கவும் (டில்ட்) முடிகிற லென்ஸ்தான் டில்ட்-ஷிஃப்ட். அதை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “இருப்பதிலேயே அகலமானது எது?” என்றுதான். வீண் செலவு அந்தக் கேள்வியிலேயே தொடங்கிவிடுகிறது.

அகலத்தைப் பார்த்து வாங்குவது

கட்டடப் படத்தில் பக்கவாட்டில் எவ்வளவு அடங்கும் என்பதைவிட, கேமராவை அண்ணாத்தாமல் எவ்வளவு உயரம் எட்டும் என்பதுதான் முக்கியம்; அண்ணாத்தினால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் சாய்ந்துவிடும். கணக்கு எளிது. ஃபுல் ஃப்ரேம் (36×24 மி.மீ.) சென்சாரின் பாதி உயரம், கேமரா படுக்கையாக இருந்தால் 12 மி.மீ., செங்குத்தாக இருந்தால் 18 மி.மீ. அதோடு ஷிஃப்ட் அளவைக் கூட்டி, குவியத் தூரத்தால் (லென்ஸின் மி.மீ. அளவு) வகுத்து, கட்டடம் இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள். கேமரா மட்டத்துக்கு மேல் அவ்வளவு உயரம் படத்தில் விழும்.

24 மி.மீ. லென்ஸ், 12 மி.மீ. ஷிஃப்ட், 20 மீட்டர் தூரம்: படுக்கையில் 20 மீட்டர், செங்குத்தில் 25 மீட்டர். கேனான் டிஎஸ்-இ 17 மி.மீ. லென்ஸில் அதே இடத்திலிருந்து ஏறத்தாழ 28, 35 மீட்டர். இதைப் பார்த்ததும் 17-தான் நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இங்கேதான் எரிச்சல் வருகிறது. அந்த 35 மீட்டர் உச்சி, லென்ஸின் அச்சிலிருந்து சுமார் 60 டிகிரியில் இருக்கிறது. தட்டையான சுவர் ஒழுங்காகவே வரும். ஆனால் அங்கே இருக்கும் உருண்டை, தன் அகலத்தைப்போல் இருமடங்கு நீண்டுவிடும். குவிமாடம் முட்டையாகும், உச்சியில் உள்ள சிலைகளின் தலை இழுபடும். கட்டடத்தின் வடிவத்தைக் கெடுக்காமல் எந்த மென்பொருளும் இதைச் சரிசெய்யாது.

அதே 35 மீட்டரை 24 மி.மீ.யில் எடுக்க, 28 மீட்டர் தள்ளி நின்றால் போதும். நீட்சி இருமடங்கிலிருந்து சுமார் 1.6 ஆகக் குறையும். எட்டு மீட்டர் பின்வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும் குறைக்காக 17-ஐ நட்டத்துக்கு விற்றுவிட்டு 24 வாங்குகிறார்கள். 17 தேவைப்படுவது பின்னால் நகரவே முடியாத குறுகிய தெருக்களிலும் அறைகளுக்குள்ளும்தான்.

பயணத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. கேனான் 17, நிக்கான் பிசி 19 இரண்டிலும் முன்கண்ணாடி புடைத்திருப்பதால் ஃபில்டர் மாட்டும் மரை கிடையாது. கேனான் 24-இன் இரண்டாம் பதிப்பில் சாதாரண 82 மி.மீ. போலரைசரே பொருந்தும்.

டில்ட்டுக்காகக் கூடுதல் பணம்

டில்ட் இருப்பது ஃபோகஸ் தளத்தைச் சாய்த்து, அருகிலிருந்து தூரம்வரை தெளிவாக்கத்தான். கட்டடத்தின் வெளித்தோற்றத்துக்கு அது அநேகமாக வேண்டியதே இல்லை. 24 மி.மீ.யில் துளை அளவை (அபர்ச்சர்) எஃப்/8 வைத்து 2.4 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 1.2 மீட்டரிலிருந்து முடிவிலி வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். வெளித்தோற்றம் மட்டுமே எடுப்பவருக்கு, லாவோவா 15 மி.மீ. போல ஷிஃப்ட் மட்டும் உள்ள லென்ஸே போதும்.

ஏபிஎஸ்-சி கேமராவில் 24 மி.மீ.

ஏபிஎஸ்-சி சென்சார் ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறியது என்பதால் பார்வைக் கோணம் 36 மி.மீ. (கேனானில் 38) அளவுக்குச் சுருங்கும். மேலே சொன்ன கணக்கில் சென்சாரின் பாதி உயரமாக 12, 18 இருக்கும் இடத்தில் சுமார் 8, 12 போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஷிஃப்ட் செய்த பின் ஒளி அளப்பது

எஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி உள்ள கேமராவில்) அளவு பிசகும். முதலில் அளந்து, மேனுவலில் வைத்து, பிறகு நகர்த்துங்கள்.

கேமராவை அண்ணாத்திவிட்டு ஷிஃப்ட் செய்வது

கூடவே கூடாது.

பூட்டுத் திருகை மறப்பது

மேலே ஏற்றிய லென்ஸ், நீண்ட எக்ஸ்போஷரின்போது தன் எடையாலேயே மெல்ல இறங்கலாம். கேமராவின் சிறிய திரையில் அது தெரியாது. ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் திருகை இறுக்கி, படம் எடுத்ததும் மேல் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்.