எடை குறைந்த பேஸ் ஹெட்டைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாரின் ஒலியைப் பெருக்கும், ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்ளிஃபயர் பெட்டிதான் ஹெட். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி ஹெட், 300 வாட் தருவதற்கு 30 கிலோவுக்கும் மேல் கனத்தது. இன்று இரண்டு, மூன்று கிலோ எடையில் 500 வாட் கிடைக்கிறது. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதில் என்ன நாதம் இருக்கப் போகிறது?" என்று ஒதுக்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருந்த இடத்தில் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை வந்துவிட்டது. கிளாஸ் டி என்ற பெருக்கிச் சுற்று வெப்பமாக வீணாக்குவது மிகக் குறைவு. எடை போனது அங்கேதான். நாதத்தின் குணம் பெரும்பாலும், ஒலியை முதலில் வாங்கிச் சீர்படுத்தும் ப்ரீஆம்ப்பில் இருக்கிறது. காது கொடுக்க வேண்டியது அதற்குத்தான்.

வாட் எண்ணை மட்டும் நம்பி வாங்குவது இதற்கு நேரெதிரான தவறு. 250 வாட்டை 500 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல்தான். அந்த 500கூட பெரும்பாலும் 4 ஓம் மின்தடை உள்ள கேபினெட்டுக்கான (ஸ்பீக்கர் பெட்டிக்கான) கணக்கு. உங்களிடம் இருப்பது ஒரே ஒரு 8 ஓம் கேபினெட் என்றால் முழுத் திறனும் கிடைக்காது.

ஆனால் தீர்ப்பையே புரட்டிப்போடும் தவறு, இரண்டு ஹெட்களை வெவ்வேறு சத்த அளவில் ஒப்பிடுவது. சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் செறிவாகவும் ஆழமாகவும் தோன்றும், ஏனென்றால் சத்தம் கூடக் கூட நம் காது தாழ்ந்த ஒலிகளை நன்றாகப் பிடிக்கிறது. குமிழ்கள் ஒரே இடத்தில் நிற்பதால் சத்தமும் சமம் என்று எண்ண வேண்டாம். கைப்பேசியில் உள்ள டெசிபெல் செயலியைக் கொண்டாவது இரண்டையும் சமப்படுத்துங்கள்.

தனியாக, சிறிய அறையில் வாசித்து முடிவெடுப்பதும் அதே அளவுக்கு ஏமாற்றும். பேஸ் (தாழ்ந்த ஒலி), ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) குமிழ்களை ஏற்றி மிட்டைக் (நடு ஒலியை) குறைத்தால் அறையில் தேன் போல இருக்கும். டிரம்ஸ் சேர்ந்ததும் காணாமல் போகும். ஐந்து தந்தி பேஸின் தாழ்ந்த பி சுரம் சுமார் 31 ஹெர்ட்ஸ். சிறிய கேபினெட் அதைச் சரியாகத் தராது. அது எந்த சுரம் என்பதைக் காது மேலே உள்ள ஹார்மோனிக்ஸ் எனும் துணை ஒலிகளிலிருந்தே அறிகிறது. எனவே மிட் குமிழை மெதுவாகச் சுழற்றிப் பார்ப்பதற்கே அதிக நேரம் கொடுங்கள். எல்லாக் குமிழும் நடுவில் இருந்தால் இயல்பான ஒலி என்பதும் தவறான நம்பிக்கை. பல ப்ரீஆம்ப்களுக்குப் பிறவியிலேயே ஒரு சாயல் உண்டு. உங்கள் சொந்த பேஸையும் கேபினெட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

கட்டமைப்பைப் பார்க்கும்போது பலர் மேல்மூடியின் பளபளப்போடு நின்றுவிடுகிறார்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி லேசாக அசைத்துப் பாருங்கள், உள்ளே ஆட்டம் இருக்கக் கூடாது. வாசிப்பை நிறுத்தி மின்விசிறியின் இரைச்சலைக் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்பவருக்கு அது பெரிய தொல்லை. இறுதியாக, பின்பக்கம் எழுதியிருக்கும் குறைந்தபட்ச ஓம் அளவைப் படிக்காமல் கேபினெட்டை இணைக்காதீர்கள். இரண்டு 4 ஓம் கேபினெட்களை இணையாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். 4 ஓமுக்கு மட்டுமே செய்யப்பட்ட ஹெட், கச்சேரியின் நடுவே தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துபோகலாம், பழுதாகவும் செய்யலாம்.