உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: பிரஷர் உள்ள வீட்டுக்கு ஒரு செய்முறை

"உப்பைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லிவிடுகிறார். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்றே தெரியாதபோது எதைக் குறைப்பது? அதனால் முதலில் அளந்துவிடுவோம்.

படி 1: ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேல் தேதி எழுதுங்கள். தீர்ந்த நாளையும் குறியுங்கள். 1000 கிராமை நாட்களாலும், சாப்பிடும் ஆட்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாள் உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அம்மாவுக்காக நாங்கள் இதைத் தொடங்கியபோது நாலு பேருக்கு 25 நாளில் தீர்ந்தது. ஆளுக்கு 10 கிராம்! உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் சற்றுக் குறைவு. அப்படியானால் அந்தப் பாக்கெட் 50 நாளாவது வந்திருக்க வேண்டும். மீன் கழுவ எடுத்ததைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கடை ஊறுகாய், அப்பளம், கருவாடு, ஓட்டல் சாப்பாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை என்பதை மறக்காதீர்கள்.

உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைத் தேக்கிவைக்கும். இரத்தத்தின் அளவு கூடும், குழாய்ச் சுவரில் அழுத்தமும் ஏறும். எல்லோருக்கும் ஒரே அளவில் ஏறாது. வயதானவர்களுக்கும் ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்கும் பொதுவாக அதிகம்.

படி 2: ஒரே உப்பு எத்தனை முறை விழுகிறது என்று பாருங்கள். இட்லி மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, சட்னியில் உப்பு, பொடியிலும் உப்பு. மாவில் பாதியாக்கினால் பலருக்குத் தெரிவதே இல்லை. சோறு வடிக்கும்போது உப்பே வேண்டாம். குழம்பிலும் பொரியலிலும் வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் தட்டு அப்படியே திரும்பி வரும். எலுமிச்சை, மிளகு, சீரகம், கறிவேப்பிலையைக் கூட்டுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

படி 3: பாக்கெட் பண்டங்களில் சோடியம் என்று போட்டிருப்பதை 2.5 ஆல் பெருக்குங்கள். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

படி 4: இந்துப்புக்கு மாறினால் போதும் என்று நம்பாதீர்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

படி 5: அடுத்த பாக்கெட்டைப் பிரிக்கும் நாளில் பிரஷர் அளவையும் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அளவு இறங்கியிருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டுங்கள்.